புளி போட்டு விளக்கிய காசு

உ

திருக்கோகர்ணம், புதுக்கோட்டை
விகாரி வருடம் ஐப்பசி 8, ஞாயிற்றுக்கிழமை
25-10-1959

என் அன்பு மகள் செவந்திக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை நாகராசும் பேத்தியும் அம்மன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். எப்போதும் நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை யோசிப்பேன், இந்தத் தடவை அந்த வரியைப் பாதியோடு நிறுத்திவிட்டேன், நீ கவனித்திருப்பாய். உன் அம்மா எனக்கு மூன்று முழத் தூரத்தில் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெண்டாட்டிக்கு நாலு எழுத்துச் சொல்லிக்கொடுக்காமல் போனோமே என்று எத்தனையோ நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு அவளுக்குப் படிக்கத் தெரியாதது எனக்குப் பெரிய உபகாரமாக இருக்கிறது. அவள் கண் முன்னாலேயே அவளைப் பற்றி எழுதுகிறேன், என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நீ வரும் ஏற்பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அறந்தாங்கிக்காரர் ஒருவர் அடுத்த கப்பலில் பினாங்கு வருகிறார், ஈப்போவிலும் அவருக்கு வேலை இருக்கிறதாம், உன் கையில் நேரே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். உறையோடு ஒரு துணி முடிச்சும் இருக்கும், அதை இதைப் படித்து முடித்த பிறகு அவிழ்த்துக்கொள்.

அம்மாவுக்கு வயிற்றுப்புண் என்று உனக்குப் பங்குனியில் எழுதினேன். அது பொய். புண் இல்லை, கட்டி. ஆடியில் திருச்சி ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி அவங்க கேக்கிறதைச் செஞ்சு குடுங்க என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்டதற்குத் தைப்பொங்கல் பார்ப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தைத்த காயம் ஆறினதும் உன் அம்மா நோயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள், நானும் ஆமாம் போட்டேன். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. புரட்டாசிக்குள் கை எல்லாம் குச்சியாகிவிட்டது, வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. அவள் கேட்பதைச் செய்து கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அவள் பணியாரம் கேட்டாளா, பட்டுச்சேலை கேட்டாளா, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். உன்னையும், அவள் பெயரையே வைத்திருக்கிறாயே உன் மகளுக்கு, அவளையும் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றாள். நீ போய் எட்டு வருஷமாகிறது. பேத்தியை நாங்கள் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம், அதிலும் பிள்ளை ஆடிவிட்டதால் முகம் சரியாக விழவில்லை.

உன்னை வரச் சொல்லி வைகாசியிலேயே எழுதினேன். மாப்பிள்ளை வேலை பார்த்த ஈயச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், இப்போது கிடைத்த கூலிக்குப் போகிறார், கப்பல் சீட்டுக்கு வழியே இல்லை என்று நீ பதில் எழுதினாய். அதில் இரண்டு எழுத்து தண்ணீர் பட்டு அழிந்திருந்தது, அது என்ன தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா. மாப்பிள்ளையை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், வேலை போன ஆம்பளைக்கு வீட்டுக்குள் நுழைவதே பெரிய தண்டனை. இங்கே என் நிலையும் உனக்குத் தெரியும். பாங்கில் எனக்குக் கிடைக்கக்கூடிய முன்பணத்தையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வாங்கிவிட்டேன், இருந்த துண்டு நிலம் அடமானத்தில் இருக்கிறது, உன் அம்மா காதில் இப்போது இருப்பது வேப்பங்குச்சி. உனக்கும் பிள்ளைக்கும் வந்து திரும்ப முந்நூறு ரூபாய் வேண்டும். அதை எங்கேயாவது பிடித்துவிடுவேன் என்று நான் நம்பியது ஒரே ஒரு இடத்தை. அதைச் சொன்னால் நீ சிரிப்பாய், சிரி, ஊரே சிரித்தாகிவிட்டது.

போன வருஷம் கடைவாய்ப் பல் பிடுங்கத் திருச்சிக்குப் போனேன் அல்லவா, அங்கே பல் டாக்டர் சந்தனராஜ் என்று ஒருவர். பல்லைப் பிடுங்கி முடித்துவிட்டு நான் கொடுத்த சில்லறையை மேஜையில் பரப்பி ஒவ்வொரு காசாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். என் வாயைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. கள்ளக்காசு கொடுத்துவிட்டோமோ என்று எனக்கு வேர்த்துவிட்டது. பிறகுதான் சொன்னார், பழைய நாணயம் சேர்ப்பது அவருக்கு ஒரு பித்து என்று. அலமாரி முழுக்கக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வெல்வெட்டில் காசுகள். நம் புதுக்கோட்டை ராஜா காலத்து அம்மன் காசு நாலைந்து அதில் இருந்தன. நம்மூரில் பிள்ளைகள் சுண்டி விளையாடித் தொலைத்த காசு அங்கே நகை மாதிரி கிடந்தது. நான் பாங்கில் சில்லறை எண்ணும் வேலை பார்க்கிறேன் என்றதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். நயா பைசா வந்த பிறகு பழைய காலணா அரையணா எல்லாம் உங்க கையிலதானே வந்து விழுது, வித்தியாசமா ஒண்ணு கண்ணுல பட்டா எனக்கு எழுதுங்க, நல்ல விலை தர்றேன் என்றார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்தப் பித்து. முதலில் விளையாட்டாகத்தான் பார்த்தேன், வைகாசியில் உன் கடிதம் வந்த பிறகு அதுவே என் மூச்சாகிவிட்டது. வெற்றிலைக்கடை, அரிசிமண்டி, பஸ் கம்பெனி எல்லாவற்றிலிருந்தும் பழைய காசு காகிதத்தில் சுருட்டியும் துணிப்பையில் கட்டியும் பாங்குக்கு வரும். கேஷியர் பெரியகருப்பன் வாங்கி என் பக்கம் தள்ளுவார். நான் சுருளைப் பிரித்து, குழி போட்ட பலகையில் பரப்பி, வகை பிரித்து எண்ணி, மறுபடி சுருட்டிக் கஜானாவுக்குப் போகும் மூட்டையில் போட வேண்டும். அம்மன் காசு எந்தக் கணக்கிலும் சேராது, அது ராஜாவோடு போனது. காலணாவோடு காலணாவாக எவனாவது நுழைத்துவிட்டிருந்தால், என் பையிலிருந்து ஒரு காலணாவைப் போட்டுவிட்டு அதை நான் எடுத்துக்கொள்வேன். பெரியகருப்பன் நல்லவர், ஒங்களுக்கு வேற வேலையே இல்லையாய்யா என்று கேட்பதோடு விட்டுவிடுவார். பாங்கில் மட்டுமா பார்த்தேன், பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கொடுத்த பாக்கியை அங்கேயே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சந்தையில் கருவாடு விற்கிறவளிடம் அவள் சுருக்குப்பையைக் கொட்டிக் காட்டச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு மூக்காயி மோர் விற்ற காசைத் தினமும் நம் வாசலில் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் போவாள், பாத்துக்கங்க அண்ணே, எதுலயாச்சும் கப்பல் தெரியுதான்னு என்பாள். ஊரில் எனக்குச் செல்லாக்காசு ஆவுடையப்பன் என்று பெயராகிவிட்டது. மெஷினில் அடித்த வட்டமான அம்மன் காசு நாற்பது ஐம்பது சேர்ந்தது, அதெல்லாம் டாக்டரிடம் ஏற்கெனவே இருக்கிறது, வேண்டாம் என்று எழுதிவிட்டார். உன் அம்மா என் ஆட்டத்தையெல்லாம் பார்த்துவிட்டு, தொலைந்தது கிடைக்கத்தானே அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைக்கிறோம், கிடைக்க வேண்டியது கிடைக்கவும் வைப்போம் என்று ஒரு உருண்டை வெல்லம் முடிந்து வைத்தாள்.

புரட்டாசி முதல் வாரத்தில் கிடைத்தது. வெற்றிலைக்கடைச் சுருள் ஒன்றைப் பிரித்தேன், காலணாக்களுக்கு நடுவில் தடியாக, கோணலாக, பச்சைக் களிம்பு மூடி ஒரு காசு. மெஷின் வருவதற்கு முன்பு கையால் அடித்த பழைய தடிக்காசு அது. களிம்புக்குள் அம்மன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. திருப்பினேன், எழுத்து இருக்க வேண்டிய பக்கத்திலும் அம்மன் உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்த பக்கத்தையே மறுபடி பார்க்கிறேனோ என்று மூன்று தரம் திருப்பினேன். அடித்தவன் எந்த யோசனையில் இருந்தானோ, இரண்டு பக்கமும் ஒரே அச்சு விழுந்திருந்தது. எண்ணிக்கை தவறிப்போய் அன்றைக்கு முழு மூட்டையையும் மறுபடி எண்ணினேன். காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து இரண்டு பக்கத்தையும் படி எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். நாலாம் நாள் கார்டு வந்தது. இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை, முந்நூறு ரூபாய் தருகிறேன், வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம், நாணயத்தை எதுவும் செய்யாமல் உள்ளது உள்ளபடியே நேரில் கொண்டுவரவும் என்று எழுதியிருந்தார். முந்நூறு என்ற இடத்தைத்தான் நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உள்ளது உள்ளபடியே என்பது ஆபீஸ் கடுதாசிகளில் எழுதுகிற வழக்கமான வார்த்தை என்று நினைத்து அதைப் படிக்கவில்லை. முப்பது வருஷம் ஆபீஸ் கடுதாசியைச் சுமந்தவனுக்கு எந்த வார்த்தை வெறும் வார்த்தை, எது உயிர் என்று தெரியாமல் போய்விட்டது. அந்தக் கார்டு இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது, கிழித்துப் போட மனசு வரவில்லை.

நவராத்திரி முடியட்டும், அம்மனை நவராத்திரியில் வீட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நவராத்திரியில் அரண்மனையிலிருந்து அரிசி கொடுக்கும்போது கூடவே அம்மன் காசும் கொடுப்பார்கள், அவள் அப்பா அதைச் செலவழிக்காமல் சாமி மாடத்தில் வைப்பாராம். அது காசு இல்லைங்க, பிரசாதம் என்றாள். ஒன்பது நாளும் அந்தப் பச்சைக் காசை ஒரு வெற்றிலையில் வைத்து விளக்கேற்றினாள். புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை திருச்சிக்குப் போவது என்று லீவு எழுதிக் கொடுத்தேன். அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை விடியும்போது எழுந்து பார்த்தால் பாயில் அவளைக் காணோம். பதறிப்போய்க் கொல்லைப் பக்கம் போனேன். நாலு எட்டு எடுத்து வைக்கச் சுவரைப் பிடிப்பவள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தோய்க்கிற கல்லில் உட்கார்ந்து, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் அந்தக் காசைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகத் தேய்த்தாளோ, விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, முகமெல்லாம் அழுக்கோட ஆத்தாளை அடுத்தவுக வீட்டுக்கு அனுப்புறதா, பெத்த மகளை அனுப்பும்போது குளிப்பாட்டி விடலயா நம்ம என்றாள். கழுவிக் கையில் கொடுத்தாள். புதுச் செம்பு மாதிரி தகதகவென்று இருந்தது. மஞ்சள் தடவிக் குங்குமமும் வைத்திருந்தாள். உன்னிடம் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பரவாயில்லையே, இன்னும் பத்து ரூபாய் கூடவே கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆகையால் இதில் அவளை ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

மறுநாள் திருச்சியில் பல் டாக்டர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். யார் இதை விளக்கினது என்று கேட்டார். என் சம்சாரம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பச்சைக் களிம்புதாங்க இது பழசுங்கிறதுக்குச் சாட்சி, சாட்சியை அழிச்சுட்டு வழக்குக்கு வந்திருக்கீங்களே என்றார். ஒரு பக்கத்தில் அம்மன் முகமே தேய்ந்துவிட்டது என்று காட்டினார். இரண்டு காசை அறுத்து ஒட்டினது என்றோ, நேற்று யாரோ அடித்தது என்றோ சொன்னால் மறுத்துச் சொல்ல இனி ஒரு ஆதாரமும் இல்லையாம், ஊரில் நாலு பேர் பார்க்க இதை அவர் வெல்வெட்டில் வைக்க முடியாதாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மகள் வர வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஒருவேளை இரங்கியிருப்பார். பஸ்ஸுக்கு வெச்சுக்கங்க என்று ஐந்து ரூபாயை நீட்டினார். ரோஷத்தில் வேண்டாம் என்று வந்துவிட்டேன். இல்லாதவனுக்கு ரோஷம் எதற்கு, அந்த ஐந்து ரூபாய்க்கு அவளுக்கு ஆரஞ்சுப் பழமாவது வாங்கியிருப்பேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று எத்தனை பேரிடம் சும்மா சொல்லியிருப்பேன், அது இப்படி இருக்கும் என்று தெரியாது. திரும்பி வரும்போது கண்டக்டர் கொடுத்த சில்லறையை என் கை பழக்கத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அதைக் கண்டதும் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பல்வலியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

இனித்தான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள், மூக்காயி அவளுக்குத் தலை வாரிப் பின்னி விட்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள், ஆத்தாளைப் பாத்துட்டு என்னங்க சொன்னாரு என்று கேட்டாள். உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் விரல் நுனி இன்னும் வெளுத்தே இருந்தது, அதைப் பார்த்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டியில நடு மத்தியில வச்சுட்டாரு, இவ்வளவு சுத்தமா யாரு விளக்குனதுன்னு கேட்டு இருபது ரூபா கூடவே குடுத்தாரு என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது மாதிரி இருந்தது. பணம் எங்கே என்று கேட்டாள், அங்கிருந்தே உனக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். அவள் சாமி மாடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பசிக்கிது என்றாள். செவந்தி, ஆடி மாதத்துக்குப் பிறகு அவள் பசி என்று சொன்னது அன்றைக்குத்தான். இரண்டு இட்லியை மோரில் பிசைந்து சாப்பிட்டாள். இந்த எட்டு நாளாகக் கொஞ்சம் கஞ்சி இறங்குகிறது, பேச்சில் தெம்பு இருக்கிறது, மூக்காயியோடு சேர்ந்து என்னைக் கிண்டல்கூடச் செய்கிறாள். நீ வந்தால் வேண்டும் என்று மாவு இடிக்கச் சொல்லி மூக்காயியைப் படுத்துகிறாள். பேத்திக்குப் பாவாடைத் துணி எத்தனை முழம் வேண்டும் என்று என்னைக் கேட்டாள், அந்த ஆடிப்போன போட்டோவை வைத்து நான் எப்படி முழம் சொல்லுவேன். வலி விட்டபாடில்லை, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள், ஆனால் கிடந்து எழுந்ததும் கப்பல் எத்தனை நாள் வரும் என்று கேட்கிறாள். டாக்டர் கொடுத்த மருந்து செய்யாததை என் பொய் செய்கிறது. அது தீர்ந்துபோகும் நாளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுபடி தேடிப் பார்த்தேன், தேடாமல் இல்லை. இன்னொரு காசு கிடைக்காதா என்று பாங்கில் மிச்சமிருந்த சுருளையெல்லாம் வெறி பிடித்தவன் மாதிரி பிரித்தேன். கடைசி மூட்டை போன புதன்கிழமை கஜானாவுக்குப் போய்விட்டது. இனிப் பழைய காசு வருவது நின்றது போலத்தான், வருவதெல்லாம் நயா பைசா, எல்லாம் ஒரே அச்சு, ஒன்றுக்கொன்று எந்த வித்தியாசமும் இல்லை. இனி எனக்கு எங்கிட்டும் வழி இல்லை செவந்தி. நீ எப்படியாவது வா என்று எழுதக் கை துடிக்கிறது, கையில் காசில்லாத பெண்ணை எப்படியாவது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை. வட்டிக்கடையில் மட்டும் போய் நிற்காதே, மாப்பிள்ளையையும் விடாதே, அந்தக் கடன் உங்களை எழவிடாது.

ஒன்று மட்டும் செய்ய வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் வான் தபாலில் இரண்டு கடிதம் எழுது. ஒன்றை என் பெயருக்குப் பாங்கு விலாசத்தில் போடு, அதில் என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு. இன்னொன்றை வீட்டு விலாசத்துக்குப் போடு. அதில் பணம் வந்துவிட்டது, சீட்டு எடுத்துவிட்டேன், புறப்படுகிறேன் என்று எழுது. நானே ஒன்றை எழுதி நீ எழுதியதாகப் படித்துக் காட்டிப் பார்த்தேன். அவள் உறையைக் காட்டச் சொன்னாள். மலாயா ஸ்டாம்பைத் தடவிப் பார்ப்பாள், அடியில் நீ போடும் கையெழுத்தை அவளுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் கோலம் மாதிரி தெரியும். இங்கிட்டு வந்தது உறையில்லாம எப்படிங்க வரும் என்று கேட்டாள், ஆபீஸில் விட்டுவிட்டேன் என்று உளறி வைத்தேன். அதனால் உன் கையெழுத்து இல்லாமல் முடியாது. பெற்ற தாயிடம் பொய் சொல்லச் சொல்கிற தகப்பன் நானாகத்தான் இருப்பேன், இந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும், உனக்கு ஒட்டாது. தேதியைத்தான் நான் ரொம்ப யோசித்தேன். கிட்டத்தில் போட்டால் அந்த நாள் வந்து போய்விடும், அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ரொம்பத் தள்ளிப் போட்டாலும் மனசு விட்டுவிடுவாள். தை பிறந்து இரண்டாம் நாள் நாகப்பட்டினத்தில் இறங்குகிறேன் என்று எழுது. அதுவரை அவள் இருக்க மாட்டாள் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பொய்த்து, அன்றைக்கும் அவள் உயிரோடு உட்கார்ந்து, கப்பல் வந்துருச்சா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு சங்கடத்தை எனக்குக் கொடு தாயே என்றுதான் தினமும் கோயிலில் நின்று கும்பிடுகிறேன்.

முடிச்சில் இருப்பது அந்தக் காசுதான். வீட்டில் வைத்தால் அவள் கண்ணில் பட்டுவிடும், பாங்கில் வைக்க மனசில்லை. ஒரு பக்கம் முகம் தேய்ந்திருக்கும், அது உன் அம்மா கை தேய்த்தது. விலைக்குப் போகாதது ஒரு வகையில் நல்லது, உன்னிடம் இருக்கட்டும். திரும்பவும் களிம்பு ஏறும், நீ அதைத் துடைக்காதே.

இவ்வளவு நேரமா என்னங்க எழுதுறீங்க, மகளுக்குப் பொஸ்தகமா எழுதுறீங்க என்று உன் அம்மா கேட்கிறாள். முடித்துவிட்டேன் என்று சொன்னேன். தன் பங்குக்கு எழுதச் சொல்லி அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தனக்கு இப்போது நன்றாகப் பசிக்கிறதாம், நீ கவலைப்படக் கூடாதாம். தீபாவளிக்கு அங்கே பிள்ளைக்கு நல்லெண்ணெய் கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெயாவது தலையில் வைத்துக் குளிப்பாட்ட வேண்டுமாம். வரும்போது பாரமாக எதுவும் தூக்கி வர வேண்டாமாம். மூன்று பேரும் பதினாறும் பெற்று நல்லபடியாக இருக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். கடைசியாக ஒன்று, இதை மறக்காமல் எழுதச் சொல்லி இரண்டு தரம் சொல்லிவிட்டாள், எழுதினேனா என்று எழுத்து மேல் விரலை வைத்துக் காட்டவும் சொல்லுவாள், அதனால் எழுதிவிடுகிறேன்: கப்பலில் பிள்ளையைக் கம்பி ஓரம் விடாதே, கையைப் பிடித்துக்கொண்டே இரு.

இப்படிக்கு
உன் அப்பா
ஆவுடையப்பன்